அப்பாவுக்குப் பக்கவாதம், சென்னையில் காதல், சொந்த ஊரில் தனிமை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 32, சொந்த ஊர் கோவில்பட்டி, சென்னையில் வேலையில் இருந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், அவரால் தூக்கிப் பிடிக்க முடியாது. அண்ணன் குடும்பத்தோடு பெங்களூரில். இவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். ஐந்து வருடமாகக் காதலிக்கிறவர் சென்னையில், வேறு சாதி. வீட்டில் யாருக்கும் தெரியாது. "பிறந்து வளர்ந்த தெருவிலேயே யாரோ மாதிரி இருக்கேன். அப்பாவை விட்டுப் போனா பாவம், போகலைன்னா அவரை இழந்துடுவேன். என்ன செய்ய?"

காதலா, கடமையா என்று இதைத் தராசில் வைத்தால் விடை கிடைக்காது. உங்கள் கடமைக்கு யாரும் அளவு சொல்லவில்லை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தினமும் எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு பணம், எதுவரைக்கும், யார் யார் என்று எதையும் பேசாமலே, கல்யாணமாகாத மகள் என்ற ஒரே காரணத்தால் மொத்தமும் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அளவு இல்லாத வேலை இருக்கிற நேரத்தையெல்லாம் தின்றுவிடும். அப்புறம் காதலுக்கும் நேரம் இருக்காது, ஊரில் நாலு பேரோடு பேசவும் நேரம் இருக்காது.

அதனால் முதலில் வேலையை அளந்து பாருங்கள். ஒரு நோட்டில் ஏழு நாளைக்கு எழுதுங்கள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், வேறு யாராவது செய்ய முடியுமா. மருந்து பற்றிய முடிவு, டாக்டரிடம் பேசுவது, அப்பா சைகையில் சொல்வதைப் புரிந்துகொள்வது போன்ற சில வேலைகளுக்குத்தான் நீங்களே வேண்டும் என்பது தெரியும். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, உடற்பயிற்சி, துணி, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் கற்றுக்கொடுத்தால் இன்னொருவர் செய்யக்கூடியவை.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பலரை முதலில் சாய்ப்பது இரவுத் தூக்கம்தான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடச் சொல்வார்கள். தானாகப் புரள முடியாதவர்களுக்கு அது சரி. உங்கள் அப்பாவுக்கு இடது கை நன்றாக இருக்கிறது. கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்து அவரே திரும்பக் கற்றுக்கொண்டால் ராத்திரி நாலு தடவை நீங்கள் எழ வேண்டியதில்லை. காலையில் இடுப்பின் அடி எலும்பு, இடுப்புப் பக்கவாடு, குதிகால் மூன்றையும் பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பிறகு பழைய நிறம் வந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், புரட்டும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது, அதனால் தொட்டுப் பாருங்கள்: அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. ஸ்பிரிட்டும் பவுடரும் போடுவது ஊரெல்லாம் இருக்கிற பழக்கம், ஆனால் ஸ்பிரிட் தோலை உலர்த்திக் கெடுக்கத்தான் செய்யும். மோட்டார் வைத்த காற்று மெத்தை வாங்கினால் புரட்டும் இடைவெளியைக் கூட்டலாம், அடியோடு நிறுத்த முடியாது.

அடுத்தது உங்கள் முதுகு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய இடது பக்கம், அதாவது பலமுள்ள பக்கம் இருக்க வேண்டும். சக்கரத்தைப் பூட்டுங்கள். அவர் இடுப்பில் அகலமான பெல்ட்டையோ தடித்த துண்டையோ கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள். அவருடைய வலது முழங்காலை உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுத்தால் கால் மடியாது. வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோளில் தசைகளின் பிடி தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். பிறகு வலியில் பயிற்சியே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடுவதும் தப்பு, பாரம் முழுவதும் உங்கள் தண்டுவடத்தில் இறங்கும். சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தினமும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வருகிற அன்று, நீங்கள் உதவிக்கு வைக்கப்போகிற ஆளையும் பக்கத்தில் நிறுத்தி, இருவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

உதவிக்கு ஆள் அவசியம், காலையில் மூன்று மணி நேரமாவது. அப்பாவைக் குளிப்பாட்ட ஆண் என்றால் அவருக்கும் கூச்சம் குறையும். மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்களை விசாரியுங்கள், தூக்கிப் பிடிக்கிற நெளிவுசுளிவு அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். முதல் வாரம் கூட இருந்து காட்டிக்கொடுங்கள். மாத்திரை நேரம், டாக்டர் எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த மூன்று மணி நேரம் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஆளை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று "அப்படிப் பிடிங்க, இப்படிப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தால் சம்பளமும் போகும், ஓய்வும் கிடைக்காது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான்.

இனி அண்ணன். "உன்னால முடிஞ்சதை அனுப்பு" என்று மட்டும் கேட்காதீர்கள். முடிந்தது மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். நோட்டில் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, பண்டிகைக் கூட்டத்தில் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஆள் சம்பளம், மருந்து, டயப்பர், டாக்டர் செலவைக் கூட்டி, இன்ன தொகை, மாதம் 5-ஆம் தேதிக்குள் என்று கேளுங்கள். வங்கியில் தானாகப் போகும்படி அவர் ஏற்பாடு செய்துவிட்டால் மாதா மாதம் நினைவூட்டும் சங்கடம் உங்களுக்கு இல்லை. பணத்தோடு நாளும் கேட்க வேண்டும். பெங்களூரில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் தசரா விடுமுறையும் உண்டு. கோடையில் இரண்டு வாரம், தசராவில் ஒரு வாரம், இடையில் மாதம் ஒரு சனி, ஞாயிறு. "மதினிக்கு லீவு கிடைக்காது" என்று பதில் வரும். வர வேண்டியது மதினி இல்லை. அவர் வந்து சமைப்பதை உதவிக் கணக்கில் சேர்த்துவிட்டு அண்ணன் டிவி பார்க்கிற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். டயப்பர் மாற்ற அண்ணனுக்குக் கற்றுக்கொடுங்கள், முதல் நாள் முகம் சுளிப்பார், மூன்றாம் நாள் பழகிவிடும்.

"நீதான் வேலை இல்லாம இருக்கியே" என்றும் சொல்லக்கூடும். அதற்குப் பதில் கோபம் வேண்டாம், எண் போதும்: ஒன்றரை வருடச் சம்பளமும் நின்றுபோன வருங்கால வைப்பு நிதியும் எவ்வளவு என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். உங்கள் பங்காக நீங்கள் கொடுத்துவிட்ட பணம் அது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் இருவருக்கும் ஒரே பொறுப்பைத்தான் வைக்கிறது. கல்யாணமாகாத பெண் மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. அண்ணன் மேல் மனுப் போடச் சொல்லவில்லை. சட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்து பேசினால் குரல் தழுதழுக்காது, அவ்வளவுதான்.

சொந்த ஊர் ஏன் அந்நியமாகிவிட்டது? ஒரு காரணம் வெளிப்படையானது. கூடப் படித்த பையன்கள் கோவை, சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். பெண்கள் வாக்கப்பட்ட ஊரில் இருக்கிறார்கள், பொங்கலுக்கும் செண்பகவல்லியம்மன் கோவில் திருவிழாவுக்கும் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். 32 வயதில் கல்யாணமாகாமல் ஊரோடு இருக்கிற பெண்ணை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. அதனால் "அப்பாவைப் பார்த்துக்கிடுத பிள்ளை" என்று ஒரு பெயர் வைத்துவிட்டது. பாராட்டுதான், ஆனால் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ள முடியாது. இரண்டாவது காரணம் நீங்கள் ஐந்து வருடமாகக் காக்கிற ரகசியம். யாரிடம் பேசினாலும் பாதி வாயை மூடிக்கொண்டே பேச வேண்டியிருக்கிறது. என் கணிப்பில் இந்த இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

ஊரில் ஒரே ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். சித்தி, அத்தை, பள்ளியில் பாடம் எடுத்த டீச்சர், யாராகவும் இருக்கலாம். தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். இதற்கு முன் யாருடைய விஷயமாவது அவர் வாயிலிருந்து வெளியே வந்திருக்கிறதா? அவர் வீட்டில் உங்களுக்கு முறை மாப்பிள்ளை இருக்கிறாரா? கல்யாண வயதில் மகன் இருக்கிற அத்தை எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் நடுநிலை ஆள் கிடையாது.

"எப்பம் கல்யாணச் சாப்பாடு போடப்போற?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "அப்பா கொஞ்சம் தேறட்டும் அத்தை, ஒங்ககிட்ட சொல்லாமலா?" உடனே அவர்கள் வீட்டு விசேஷத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். தனிமையை ஒரே மூச்சில் போக்கப் பெரிய வட்டம் எதுவும் தேட வேண்டாம். ஆள் இருக்கும் நேரத்தில் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போய்வாருங்கள். நூலகமோ, ஹாக்கி மைதானத்தில் நடைப்பயிற்சியோ, எதுவானாலும் சரி. சில வாரத்தில் நாலு முகம் பழகிவிடும். அவர்களுக்கு நீங்கள் இன்னாருடைய மகள் என்பதற்கு முன்னால் தினமும் வருகிற ஒருவராகத் தெரிவீர்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் அமுங்கிக் கிடப்பது, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து திரும்பத் தூக்கம் வராதது, பிடித்தது எதிலும் நாட்டமில்லாதது எல்லாம் சேர்ந்து இருந்தால் அதைத் தனிமை என்று தள்ளிவிடாதீர்கள், மருத்துவரைப் பார்க்க வேண்டிய மனச்சோர்வு அது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். "அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அவருக்கும் நிம்மதி" என்ற எண்ணம் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பலருக்கும் வரும், அதற்காக உங்களைப் பாவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். "நான் போயிட்டா தேவலை" என்று தோன்றினால் மட்டும் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அப்பாவையும் கவனியுங்கள்: பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பதைப் பிடிவாதம் என்று நினைப்போம், மருந்து கொடுத்தால் சரியாகிற சோர்வாக இருக்கும்.

காதலருக்கு வருவோம். "கொஞ்சம் பொறு" என்று அவரிடம் இனி சொல்லாதீர்கள். தேதி இல்லாத பொறுமையை ஐந்து வருடத்துக்குப் பிறகும் கேட்பது நியாயமில்லை. இன்ன மாதத்துக்குள் அண்ணனோடு பேசி முடிக்கிறேன், இன்ன மாதத்தில் அப்பாவிடம் சொல்கிறேன் என்று இரண்டு தேதி கொடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு யார் எங்கே இருப்பது என்பதையும் இப்போதே பேசுங்கள். அப்பாவைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். லிஃப்ட் உண்டா, குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்று அளந்து பாருங்கள். சாதாரணச் சக்கர நாற்காலிக்கே ஏறத்தாழ 65 செ.மீ. வேண்டும், பல அடுக்கக வீடுகளில் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகல். அதைவிட முக்கியம், தெருவில் போகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதரை எட்டாவது மாடிக்குக் கொண்டுபோனால் உங்கள் தனிமை அவருக்கு மாறிவிடும். அம்மாவும் அப்பாவும் கோவில்பட்டியில் ஆளோடு இருக்க, நீங்கள் மாதத்தில் ஒரு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்ப்பது பல குடும்பங்களில் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

அண்ணன் வருகிற வார இறுதியை உங்கள் சென்னைப் பயணத்துக்கு வையுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி கோவில்பட்டியில் ஏறினால் காலையில் எழும்பூர். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, திறந்ததுமே போட்டு, டிக்கெட்டை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பதிவான டிக்கெட் கையில் இருந்தால் "இந்த வாரம் முடியாதே" என்பது அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

அப்பாவிடம் கேட்பதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பேச்சு போனதும் புத்தியும் போய்விட்டது என்று வீடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். வலப்பக்கம் விழுந்து பேச்சு போனால் மூளையின் இடப்பக்கம், மொழி இருக்கிற பகுதி, அடிபட்டிருக்கிறது. சொல் வெளியே வராது. நாம் சொல்வது எவ்வளவு புரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைச் சோதித்துப் பார்க்கலாம். தெரிந்த விஷயத்தில் தப்பும் சரியுமாகக் கேளுங்கள்: "இது மதுரையா?" "இது கோவில்பட்டியா?" "அம்மா இப்போ வீட்டில் இருக்காளா?" பத்துக் கேள்விக்கும் கட்டை விரலாலோ தலையசைப்பாலோ சரியாகப் பதில் வந்தால் அவருடைய ஆமாம், இல்லையை நம்பலாம். சிலர் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அப்படியானால் ✓, ✗ போட்ட இரண்டு அட்டைகளைக் காட்டித் தொடச் சொல்லுங்கள்.

பிறகு பெரிய விஷயம். காலை நேரம், டிவி அணைத்து, நேருக்கு நேர் உட்கார்ந்து, ஒரு சமயத்தில் ஒரே சின்ன வாக்கியம். "எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு." போட்டோவைக் காட்டுங்கள். "அவர் வேற சாதி." பத்து வினாடியாவது பேசாமல் இருங்கள், அவருக்குள் வார்த்தை சேர அந்த நேரம் வேண்டும். "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து "வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் கேள்வி போய்ச் சேரவில்லை, இன்னொரு நாள் பாருங்கள். அழுதால் மறுப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சின்ன விஷயத்துக்கும் கண்ணீர் பொங்குவது, சம்பந்தமில்லாமல் சிரிப்பது இரண்டும் சகஜம். வேண்டாம் என்றே சொன்னாலும் அது ஒரு பதில், அதற்கு மேல் பேச இடம் இருக்கிறது. ஊரும் உறவும் "அப்பா மட்டும் பேச முடிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரா" என்று கேட்கிற அன்றைக்கு, கேட்டேன், இப்படிச் சொன்னார் என்று சொல்ல உங்களுக்கு ஒன்று இருக்கும்.

சட்டப்படி இரண்டு வழி. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில், உங்களில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 30 நாள் அதைத் திருமணப் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அறிவிப்புக் கொடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு திருமணம். இதில் பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு: சென்னையில் அறிவிப்புக் கொடுத்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைப்பார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் நகல் அந்த மாவட்டத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். நீங்கள் வீட்டில் சொல்வதற்கு முன் பலகை சொல்லிவிடக் கூடாது. இருவரும் இந்துக்களாக இருந்தால் சுயமரியாதைத் திருமணம் இன்னொரு வழி. நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே போதும், முன்னறிவிப்பு கிடையாது. ஊரறியச் சடங்கு நடத்தத் தேவையில்லை என்பதையும் 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

உறவில் மிரட்டல் வரும் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கல்யாணத்துக்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் கண்காணிப்பாளரும் சமூக நல அலுவலரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் அடங்கிய தனிப் பிரிவு மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்பது 2018-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, மனுவை அந்தப் பிரிவுக்கே எழுதலாம். அவசரத்துக்கு 181 (பெண்கள் உதவி எண்), 112 (அவசர உதவி எண்). காதலரின் சாதி எது என்பதைப் பொறுத்து ஆபத்து அவர் பக்கம் கூடுதலாக இருக்கலாம், புகாரில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாகச் சொத்து. "ஒன் இஷ்டப்படி பண்ணிக்கோ, இதில ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று, சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது நம் பக்கம் வழக்கம். கல்யாண அவசரத்தில் போட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. யாரைக் கட்டிக்கொண்டீர்கள் என்பதால் அது போகாது. அப்பா சுயமாகச் சம்பாதித்தது அவர் விருப்பம். பத்திரம் நீட்டினால் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு மட்டும் வேலை பார்க்கிற ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவின் கைநாட்டை யாராவது வாங்க முயன்றாலும் அதே விதி. பத்துக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர் என்றால், எதில் வைக்கிறார் என்று அவருக்கே வாசித்துக் காட்டி, அவருடைய ஆமாமைக் கேட்ட பிறகுதான்.